தர்ப்பைப் புல்லின் பாரம்

உயிரோடு இருந்தவனைச் சுடலைக்குச் சுமந்தவன் நான். ஆம்... தெரிந்தே!

எண்பத்தைந்தில் நான் வேலைபார்த்த கப்பல் பழுதுபார்க்க வேல்ஸ் நாட்டுக் கார்டிஃபில் நின்றது. துறைமுகச் சிற்றுண்டிச்சாலையில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றான் யோகன்! இணுவில்காரன், பருத்தித்துறையில் என்னோடு படித்தவன். "வாறன்" என்று வெளிநாட்டிலிருந்து தாய்க்குக் கடிதம் எழுதிவிட்டு வந்து சேராதவன். வழியில் இராணுவத்திடம் பிடிபட்டுக் காணாமற்போனான் என்றே ஊர் நம்பியிருந்தது.

"கலியாணம் பேசி வைச்சிருந்தவை, மச்சான். ஒரு பிள்ளையை ஏமாத்த ஏலாது. அதுதான் போகேல்லை."

பள்ளியில் பிடிக்கத் துணியாத என் கையை அன்று பிடித்தான். நானும் விடவில்லை.

கண்ணாடிக் கூரையிட்ட கடைத்தெருக்கள், மழையிலும் பாடிச் செல்லும் கூட்டம், ஆணும் ஆணும் கன்னம் ஒட்டி ஆடும் மதுச்சாலை... வாசலிலேயே உறைந்தேன்.

"உள்ளை வாவன்ரா! உன்ரை மாமன்மார் ஒருத்தரும் இஞ்சை இல்லை."

கோட்டை மதிலில் கல் மிருகங்கள் தாவி இறங்கும் கோலத்தில் தொற்றிக் கிடந்தன. அவை மட்டுமே எங்களைத் திரும்பிப் பார்த்தன.

மூன்று நாள்! நான் நானாக இருந்த மூன்றே நாள்... புறப்படும்போது சொன்னான்: "எழுத எனக்குத் துணிவில்லை. நீ அம்மாட்டை மட்டும் சொல்லு, நான் உயிரோடை இருக்கிறனெண்டு."

இணுவிலுக்குப் போனேன். நான் சொல்லுமுன் அவன் தாயே கேட்டாள்: "தம்பி, நீ எத்தினை ஊர் போறனி... எங்கடை யோகனை எங்கையும் கண்டனியே?"

கண்டேன் என்றால், எங்கே கண்டாய், எத்தனை நாள், ஏன் வரவில்லை... கடைசிக் கேள்வி என்னிடம்தானே வந்து நிற்கும்? என் முகத்திலேயே படித்துவிடுவாளே!

"இல்லையம்மா."

அது என் குரல்தானா?

ஆறு ஆண்டுகள் காத்திருந்தாள். சாத்திரியார் அவன் சாதகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உடல் கிடைக்காதவனுக்குச் செய்யும் முறைப்படி, தர்ப்பைப் புல்லில் ஆளுருவம் கட்டி, அவனுடைய பழைய சட்டையைப் போர்த்திப் பாடையில் கிடத்தினார்கள். தோள் கொடுத்தேன். நம்புவீர்களா? புல் கனத்தது... அடிக்கு அடி கனத்தது!

"என்ன அண்ணை, புல்லைத் தூக்கவே உப்பிடி வேர்க்குது?" என்றான் எதிர்த்தோள்காரன்.

எரிந்து முடிந்த ஏழாம் நாள், ஆறு ஆண்டாக நான் பதில் போடாத அவனிடமிருந்து மறுபடியும் ஒரு தபாலட்டை. முகப்பில் அந்த மதில் மிருகங்கள். மறுபுறம் ஒரே வரி:

"அம்மா என்ன சொன்னவ?"

நீங்களே சொல்லுங்கள்... என்ன எழுதுவேன்?

ஆண்டுதோறும் அவன் திவசத்துக்கு அவள் என்னை அழைக்கிறாள். அவனுக்குப் படைத்த இலையின் அருகில் எனக்கும் ஓர் இலை.

"வடிவாச் சாப்பிடு தம்பி. நீ சாப்பிட்டால் அவன் சாப்பிட்ட மாதிரி."

சாப்பிடுகிறேன்.