லொறியில் ஏறப் பழக்கிய எட்டுக் கிழமைகள்

எட்டுக் கிழமைகளில், அதாவது இரண்டு மாதத்தில், ஒரு குதிரையை லொறியில் ஏறப் பழக்கினோம். பழக்கியவர் இன்னொருவர். நான் கொப்பியில் எழுதினேன், நாட்களை எண்ணினேன், அவருக்குப் பொய் சொன்னேன்.

நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். அப்பா மரம் விற்ற மரக்காலை நகரத்தின் மறுபக்கம், கொட்டாஞ்சேனையில். அந்த மரக்காலையின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில்தான் குதிரை நின்றது. மலைநாட்டுப் பந்தயங்களில் ஓடி, கால் நொந்து, ஓட்டத்தை நிறுத்திய பெண் குதிரை. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளிநாடு போனபோது அதை அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். அப்பாவுக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சிநேகிதருக்கு மாட்டேன் என்று சொல்லவும் தெரியாது.

குதிரையோடு அதைப் பார்த்துக்கொண்டவரும் வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். மனைவியும் மகளும் அங்கே தொழிலாளர் லயத்தில் இருந்தார்கள். இவர் மட்டக்குளியில் வேறு இரண்டு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை மிஸ் என்பார்.

முதல் வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. விடியற்காலையில் அவர் குதிரையை மட்டக்குளிக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போவார், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார். பிறகு ஒருநாள், மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டு லொறியில் கொண்டுவரும்போது, முன்னால் தெருவில் குண்டு வெடித்தது. இரண்டு நாளில் எல்லோரும் மறந்துபோன சின்னக் குண்டு. லொறி கடையொன்றின் மதிலில் மோதி நின்றது. உள்ளே குதிரை விழுந்து, இடப்பக்க விலாவில் தகரம் கிழித்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் அவர்தான். அவருக்கு இடது காது அன்றிலிருந்து சரியாகக் கேட்பதில்லை.

காயம் ஆறியது. ஆனால் லொறிச் சத்தம் கேட்டாலே குதிரைக்கு வேர்த்துக் கொட்டும். மரக்காலையில் நாளுக்கு நாலு தரம் லொறி வந்து போகும். ஒவ்வொரு தரமும் அவர் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அந்த நேரத்தில்தான் என் கூடப்பிறந்த அண்ணா கனடாவிலிருந்து எங்களுக்கு ஸ்பொன்சர் போட்டார். ஆறு மாதத்தில் போய்விடுவோம் என்று நம்பினோம். கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் எனக்குக் கணக்குப் பகுதி வேலை, அதைக்கூட விட்டுவிட்டேன். எனக்கு இருபத்து மூன்று வயது.

அப்பா மரக்காலையை விற்க ஒழுங்கு செய்தார். குதிரைக்கும் ஆள் பிடித்தார். பெந்தோட்டைப் பக்கக் கடற்கரையில் வெள்ளைக்காரரைக் குதிரையில் ஏற்றிச் சவாரி விடும் சிங்களவர் ஒருவர். இரண்டு மாதம் கழித்துத் தன் லொறியோடு வருவதாகவும், குதிரை தானாக ஏறினால்தான் எடுப்பேன் என்றும் அவர் சொல்லியிருந்தார்.

"குதிரை பாக்கிறவனிட்டைச் சொல்லாதை," என்றார் அப்பா. "சொன்னா இண்டைக்கே விட்டிட்டுப் போயிடுவான். பிறகு குதிரையை ஆர் பாக்கிறது?"

"அப்ப ஆர் பழக்கிறது?"

"நீதானே வீட்டில சும்மா இருக்கிறாய்."

நான் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து வாசித்தேன். பெரிய இலக்கைச் சின்னச் சின்னதாகப் பிரிக்க வேண்டும், ஒன்று சரிவந்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று அதில் இருந்தது. கணக்குப் படித்தவளுக்கு அது பிடித்துப்போனது. ஒரு கொப்பியில் கோடு போட்டு எட்டுக் கிழமைக்கும் எழுதினேன். லொறிக்கு இருபது அடி தள்ளிப் பதறாமல் நிற்பது முதல் கிழமை. நிலத்தில் கிடக்கும் பலகைமேல் நடப்பது அடுத்தது. பலகையை லொறியில் சாய்த்து முன்னங்கால் இரண்டையும் வைக்கப்பண்ணுவது மூன்றாவது. இப்படியே போய், எட்டாம் கிழமை உள்ளே ஏறி, கதவை மூடி, எஞ்சினைப் போட்டு ஒரு சுற்றுப் போய் வருவது.

அவரிடம் வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு மிஸ். ஆனா கெழம கணக்கு அவளுக்குத் தெரியாதே," என்றார்.

முதல் இரண்டு கிழமையும் நான் எழுதினபடியே போயின. ஒவ்வொரு நாளும் ஒரு சரி அடையாளம். மூன்றாம் கிழமை ஒரு காலை அவர் வரப் பிந்தியது. தெருவில் பொலிஸார் மறித்து, அடையாள அட்டையைப் பார்த்து, பிறந்த இடத்தையும் இருக்கிற இடத்தையும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு அது வழக்கமான விஷயம். என் நினைப்பெல்லாம் ஒரு மணித்தியாலம் வீணாகிறதே என்பதில்தான் இருந்தது. நானே குதிரையை அவிழ்த்துப் பலகையடிக்குக் கொண்டுபோனேன். அது நின்றுவிட்டது. இழுத்தேன். இன்னும் இழுத்தேன். அது முன்னங்கால்களைத் தூக்கி எழும்ப, பலகை சறுக்கி விழுந்து, அதன் கணைக்காலில் தோல் உரிந்தது. கயிறு என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது.

அவர் வாசலில் வரும்போதே கண்டுவிட்டார். ஓடிவந்து குதிரையைப் பிடித்தார். என்னை ஏசவில்லை. காலைக் கழுவி, மருந்து போட்டு, அது நடுங்குவது நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"மொதல்ல இருந்து தொடங்கணும் மிஸ்."

"மூண்டு கிழமை போச்சுதே!"

"எதுக்கு மிஸ் இவ்வளவு அவசரம்?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அப்பா இவளை நுவரெலியாவுக்கு அனுப்பப் போறார். தெரிஞ்ச ஒருத்தரிட்டை." அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "நீங்களும் கூடப் போகலாம்," என்றேன்.

"எங்க ஊர்ப் பக்கமா?"

"ஓம்."

அவர் போய்க் குதிரைக்குத் தண்ணீர் வைத்தார். வைத்துவிட்டு அதன் நெற்றியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். அவர் சிரிப்பதை எனக்குக் காட்ட விரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வேலை வேகமாகப் போனது. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. தெருச் சோதனையில் பிந்தக்கூடாதென்று அவர் அரை மணித்தியாலம் முன்னதாகவே அறையை விட்டு வெளிக்கிட்டார். மத்தியானத்தில் வெறும் லொறி நிற்கும்போது அதில் ஏறி, பாணும் சம்பலும் தின்றார். முதலில் பின்விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. இரண்டு மூன்று நாள் போக, இன்னும் கொஞ்சம் உள்ளே. குதிரைக்குக் காட்டத்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் கிட்டப் போய்ப் பார்த்தபோது அவருடைய சேர்ட் முழுக்க நனைந்திருந்தது. ஒரு கையில் பாண், மற்றக் கை லொறியின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"என்ன அண்ணை, சுகமில்லையா?"

"இல்ல மிஸ். அன்னைக்கு அப்புறம் நான் லொறியில ஏறுனதே இல்ல. நான் பயந்தா அவளுக்குத் தெரிஞ்சிடும். அதான் நான் மொதல்ல பழகிக்கிறேன்."

எட்டுக் கிழமைக் கொப்பியில் அவருக்கு ஒரு வரிகூட இருக்கவில்லை. அந்த மத்தியானம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஒருவரும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். "நாளைக்கு எத்தினை மணிக்கு வாறீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் சாப்பிடுகிற இடத்துக்குக் குதிரை தானாக வந்து தலையை நீட்டத் தொடங்கியது. பிறகு முன்னங்கால். அவர் பாணில் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்து, உடனே அதைப் பின்னுக்கு அனுப்பிவிடுவார். இன்னும் நிற்க விரும்பும்போதே இறக்கிவிட வேண்டும் என்பார். ஆறாம் கிழமை முடிவில் நாலு காலும் உள்ளே இருந்தன. நான் சந்தோஷத்தில் கை தட்டப்போனேன். அவர் விரலை வாயில் வைத்துக் காட்டினார்.

அன்றுதான் மனைவியைப் பற்றிச் சொன்னார். அவள் வீட்டு வேலைக்கு அரபு நாடு போகப் பாஸ்போட் எடுத்துவிட்டாளாம், ஏஜென்சிக்காரன் நாள் குறித்துவிட்டானாம்.

"போகாதேன்னு எழுதிட்டேன் மிஸ். நான் வேலையோட வந்துடுறேன்னு எழுதிட்டேன்."

அன்று நேரே வெள்ளவத்தை பஸ்ஸைப் பிடித்தேன். வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாங்குகிறவர் இவரையும் சேர்த்து எடுக்க மாட்டாரா என்று கேட்டேன்.

"கேட்டுப் பாத்தனான். தன்னட்டை ஆள் இருக்காம்," என்றார். பிறகு என்னைக் கோபமாகப் பார்த்தார். "நான் சொல்லாதை எண்டுதான் சொன்னனான். பொய் சொல்லச் சொல்லேல்லை."

அது சரிதான். அந்தப் பொய் முழுக்க என்னுடையது. நாளைக்கு நீயே போய்ச் சொல்லு என்றார் அப்பா. நான் சொல்லவில்லை. இன்னும் இரண்டு கிழமைதானே, குதிரை கதவை மூடி நிற்கப் பழகட்டும், பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். ஏழாம் கிழமை கதவை மூடினோம். எட்டாம் கிழமை எஞ்சினைப் போட்டு, கொட்டாஞ்சேனைக் கோயில் சந்திவரை போய் வந்தோம். அவர் உள்ளே நின்றார். இறங்கியபோது அவர் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும், "ரெண்டு பேரும் பாஸ் மிஸ்," என்றார்.

வாங்குகிறவர் ஒரு சனிக்கிழமை காலை லொறியோடு வந்தார். அது வேறு லொறி, வேறு மணம். குதிரை பலகையடியில் தயங்கியது. அண்ணை புதுச் சேர்ட் போட்டு, ஒரு பயணப் பையைத் தோளில் மாட்டியிருந்தார். பையோடு முதலில் தான் ஏறி, திரும்பி நின்று, நாக்கால் சின்னச் சத்தம் ஒன்று செய்தார். கயிறு தொய்ந்து கிடக்க, குதிரை அவருக்குப் பின்னால் ஏறிப்போய் நின்றது.

வாங்கியவர் தலையை ஆட்டினார். பிறகு சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, "மல்லி, பஹின்ன," என்றார்.

அவர் இறங்கவில்லை. "மிஸ், இவுங்க என்னை எறங்கச் சொல்றாங்க," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்பா கணக்கு எழுதும் கந்தோர் அறைக்குள் போய்விட்டார்.

"நுவரெலியா இல்லை அண்ணை," என்றேன். "பெந்தோட்டை. நீங்கள் போகேலாது."

கேட்காத காதைத் திருப்பி மற்றக் காதை என் பக்கம் காட்டினார். நான் இன்னொருதரம் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் குதிரையின் பக்கம் திரும்பினார். பிறகு குதிரையின் கயிற்றை இரண்டு பக்கமும் கட்டி, முடிச்சைச் சரிபார்த்து, பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். வாங்கியவரிடம் போய்ச் சிங்களத்தில், ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னார். இடப்பக்கம் நின்று தொடக்கூடாது. லொறியின் மேல் படங்குத் துணியை மூடக்கூடாது. சனம் கூடின இடத்தில் ஹோர்ன் அடிக்க வேண்டாம். முன் வலது காலை ஒவ்வொரு நாளும் தடவிப் பார்க்க வேண்டும். வாங்கியவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். லொறி போன பிறகு அவர் கொட்டகையைக் கூட்டி, சாணியை அள்ளிக் கொட்டி, கையைக் கழுவிக்கொண்டு போனார். என்னைப் பார்க்கவேயில்லை.

அடுத்த நாள் மட்டக்குளிக்குப் போய் விசாரித்தேன். அறையில் இருந்தவர்கள் அவர் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

எங்களுக்கு விசா வரவில்லை. மனு திரும்பி வந்தது, மறுபடி போட்டோம், அதுவும் இழுபட்டது. மரக்காலை இல்லாமல் அப்பா வீட்டில் சும்மா இருந்தார். நான் வேறு வேலை தேடிக்கொண்டேன். ஒன்றரை வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சொல்லாமல் வெள்ளவத்தையில் ரயில் ஏறி பெந்தோட்டைக்குப் போனேன்.

கடற்கரையில் வெள்ளைக்காரர் அதிகம் இல்லை. தென்னைகளுக்குக் கீழே மூன்று குதிரைகள் நின்றன. எங்கள் குதிரை மெலிந்திருந்தது, ஆனால் தோல் மினுங்கியது. அதன் முன் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

என்னைக் கண்டதும் காலை மெல்ல இறக்கி வைத்துவிட்டு எழும்பினார். "வாங்க மிஸ்," என்றார். ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்தாராம். வேலை கிடைக்கவில்லையாம். பிறகு நேரே இங்கே வந்து கேட்டிருக்கிறார். அந்த நேரம் ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

"மனுசி?"

"போயிட்டா மிஸ். போகாதேன்னு எழுதிட்டு நானும் வெறுங்கையோட போய் நின்னேன். கோவத்துல வேற ஏஜென்சி பிடிச்சுப் போயிட்டா. மக எங்க அக்காகிட்ட இருக்கா."

ரயிலில் யோசித்து வைத்த எதுவும் வாயில் வரவில்லை. "நான் செய்தது பிழை அண்ணை," என்று மட்டும் சொன்னேன்.

அவர் குதிரையின் பிடரியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

"நீங்க நெசத்தச் சொல்லியிருந்தாலும் நான் பழக்கித்தான் குடுத்திருப்பேன் மிஸ். பயந்து பயந்து சாகாம அவ நல்லபடியாப் போகணுமில்ல. அவகிட்ட கேக்க முடியாது, சரி. என்கிட்ட கேட்டிருக்கலாம்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒரு குடும்பம் சவாரிக்கு விலை கேட்டுக்கொண்டு வந்தது. அவர் அவர்களிடம் போனார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எங்கே போனாய் என்று அப்பா கேட்டார். சொன்னேன்.

"அவனைக் கண்டனியோ? எப்பிடி இருக்கிறான்?"

அப்பா இதற்குள் நோய்க்காரராகிவிட்டிருந்தார். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுகமா இருக்கிறார் அப்பா. மனுசி பிள்ளையோட சந்தோஷமா இருக்கிறார்," என்றேன்.