டெனிஸ் எழுதிய கடைசிப் பெயர்

டெனிஸ் சார் போய் உட்காரும் வீட்டுக்கு, அவர் பின்னாலேயே சவப்பெட்டியும் வந்துவிடுமாம். பம்மலில் அப்படியொரு பேச்சு. மீன் விற்கும் தனத்திடம் யாரோ சொல்ல, அவள் டெனிஸின் மனைவி பிளஸ்ஸியிடம் கொண்டுவந்து சேர்த்தாள்.

“உன் வூட்டுக்காரர எங்க வூட்டாண்ட மட்டும் அனுப்பாதக்கா. பொண்ணு கண்ணாலம் பாக்கி கீது.”

கேட்டதும் டெனிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கத்தோலிக்கப் பங்குக்கோயிலின் துணைநிற்போர் குழுவில் சேர்ந்தவர் அவர். துன்பத்தில் இருக்கும் ஒருவருக்கு ஒரு துணை. அருகில் உட்கார்ந்து கேட்க வேண்டும், உபதேசம் கூடாது, அவர் யார் என்பதைக்கூட வெளியில் சொல்லக்கூடாது. டெனிஸ் சலிக்காமல் சும்மா உட்காரக்கூடியவர். அதனால் பெரும்பாலும் தீராத நோயாளிகளிடமே அனுப்பினார்கள். பேச்சு கிளம்பியதில் வியப்பில்லை.

சம்பத் நோயாளி இல்லை. சிறுசேரியில் பார்த்த ஐ.டி. வேலை போய், மனைவியும் பிரிந்து, பள்ளிக்கரணையில் தனியாக இருந்தான். பால்கனியைத் திறந்தால் சதுப்பு நிலம். “ராத்திரியானா அது என்னைக் கூப்பிடுதுண்ணா” என்று முதல் நாளே சொன்னான். டெனிஸ் அவனை டாக்டரிடம் கூட்டிப்போனார். விடாமல் போய் உட்கார்ந்தார். மெல்ல மெல்ல அவன் தேறினான்; சவரம் செய்துகொண்டான், சமைத்தான். ஒருநாள் அவனே கேட்டான்: “உங்க கோயில்ல சும்மா உக்காரலாமாண்ணா?”

நவம்பர் மாதம். இறந்தவர்களின் பெயர்களை எழுதிப் பெட்டியில் போட்டால் மாலைப் பூசையில் வாசிப்பார்கள். தாம் துணை நின்றவர்களில் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்களை ஆண்டுதோறும் டெனிஸ் எழுதுவார். சம்பத்தைக் கூட்டிவந்த அன்றும் எழுதிப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். பெயர்கள் வந்தன. டெனிஸுக்குத் தெரிந்த பெயர்கள், அவர் எழுதிய வரிசையிலேயே. கடைசியாக, “சம்பத்.”

கோயில் முழுவதும் ஒரே குரலில் அவனுடைய ஆன்மாவுக்கு நித்திய இளைப்பாறுதலை வேண்டியது.

தன் கைதான் எழுதியிருக்கிறது. எப்போது எழுதியது?

“இன்னாண்ணா, அட்வான்ஸ் புக்கிங்கா?” சம்பத் கிசுகிசுத்தான். முகத்தில் சிரிப்பு.

“தம்பி, கை தவறிடுச்சுப்பா. பழக்கத்துல எழுதிட்டேன். மன்னிச்சுடு.”

“விடுங்கண்ணா. இத்தனை பேர் எனக்காக எழுந்து நின்னாங்க, பாத்தீங்களா? உயிரோட இருந்தப்ப ஒருத்தர் நிக்கல.”

டெனிஸ் அவன் கையைப் பிடிக்கக் கை நீட்டினார். அதற்குள் ஏதோ காரியம் முடிந்தவன்போல் அவன் நிதானமாக வாசலைத் தாண்டி மழைக்குள் இறங்கியிருந்தான். அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் ஷேர் ஆட்டோ அவனை ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டது.

“யாருங்க அந்தப் பையன்? ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?” குடையோடு வந்த பிளஸ்ஸி கேட்டாள்.

யாரென்று வெளியில் சொல்லக்கூடாது என்ற குழுவின் விதி அப்போது அவருக்கு நினைவில் இல்லை. அந்தப் பெயரை இன்னொரு முறை உரக்கச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. கிடைத்த ஆட்டோவில் ஏறி, “பள்ளிக்கரணை. சீக்கிரம்பா” என்றார். அவன் எண்ணைப் போட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

வண்டி வேளச்சேரி சாலையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கட்டடங்கள் விலகி, இடப்பக்கம் இருட்டாகச் சதுப்பு தொடங்கியது. மறுமுனையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை. டெனிஸ் மறுபடியும் அழுத்தினார்.