அக்கா நடித்துக் காட்டிய மனிதர்கள்

காலையில் பாளையம்பட்டி நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது முத்துராக்கு அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர் தேறிவிட்டார் போலிருக்கிறது என்ற சந்தோஷத்தில், “அக்கா, சாப்ட்டீகளா?” என்று கேட்டுவிட்டேன். பேசியது அவருடைய கணவர் வேலுச்சாமி அண்ணன்.

“பாத்திமா தாயி... அக்கா விடியக்காலம் போயிட்டா.”

பஸ் வந்தது, போனது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நானும் அக்காவும் பல வருடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். மழை தொடர்ந்து பொய்த்தபோது அக்கா கடை வேலைக்கு வந்தார். வந்த புதிதில் விலை, ரகம் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டார். எங்கள் சிரிப்பில் சேரவும் மாட்டார்.

ஒரு நாள் மத்தியானம் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்று காலை ஓர் அம்மா அலமாரி முழுவதையும் இறக்க வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஓர் உள்பாவாடை மட்டும் வாங்கிப் போயிருந்தார். “அப்படி என்னதான்க்கா கேட்டாக?” என்றேன். அக்கா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இல்லாத சேலையைத் தோளில் போட்டார். இல்லாத கண்ணாடியில் பார்த்தார். பிறகு இல்லாத புருசனின் முகத்தைப் பார்த்தார். பார்த்த வேகத்திலேயே சேலை தோளிலிருந்து இறங்கிவிட்டது. அடுத்த சேலை, மறுபடி கண்ணாடி, மறுபடி அந்த முகம். எங்களுக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. அக்கா மட்டும் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

“இது எனக்குள்ள எங்கிட்டுக் கெடந்துச்சுன்னே தெரியல பாத்திமா” என்றார். அப்போது அவருடைய மகளுக்குக் கல்யாணமாகி, பேரனே பிறந்துவிட்டான்.

அதன் பிறகு அக்கா ஆட்களைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது. காலையில் திருச்சுழி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டு வருவார். நின்றால்தான் எல்லார் முகமும் தெரியுமாம். கடை திறந்து கூட்டம் வருவதற்குள் நிலைக்கண்ணாடி முன்னால் ஒரே ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார். பார்வையாளர் நான் ஒருத்திதான். “எனக்காகச் சிரிக்காத. வரலன்னா வரலன்னு சொல்லு” என்பார். சொன்னால் முகம் வாடும். ஆனால் மறுநாள் அதைத் திருத்திக்கொண்டு வந்துவிடுவார்.

முதலில் நொண்டி நடப்பவர்களை, திக்கிப் பேசுபவர்களையெல்லாம் நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். ஒரு நாள் அவராகவே அதை நிறுத்திவிட்டார். “ஆளோட கொறையப் பிடிச்சா லேசாச் சிரிச்சிருவாக. அவுக ஆசையப் பிடிக்கணும் பாத்திமா. அதுதான் கஷ்டம்” என்றார்.

ஒரு பொங்கலுக்குக் கடை ஊழியர்களின் குடும்பங்களைக் கூட்டி விழா நடத்தினார்கள். முதலாளியே அக்காவை மேடையேறச் சொன்னார். அன்று அக்கா நடித்தது விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் ஒரு சம்சாரியை. காக்கை அளவு மேகத்தைக் கண்டதும் கட்டிலைத் தூக்கி வீட்டுக்குள் போடுகிறார். மேகம் அடுத்த ஊர்ப் பக்கம் நகர, கூடவே கழுத்தும் நீளுகிறது. கட்டில் மறுபடி வெளியே வருகிறது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நடுவில் வேலுச்சாமி அண்ணன் எழுந்து போய்விட்டார்.

“நாலு பேரு என்னயப் பாத்துச் சிரிக்கவா ஒன்னய டவுனுக்கு வேலைக்கு அனுப்புனேன்?” என்று கேட்டவர், அதன் பிறகு வீட்டில் பேசவில்லை. அக்கா நடிப்பதை நிறுத்தினார். எங்களோடு சாப்பிட உட்காருவதையும் நிறுத்தினார். சேலைகளை மடிப்பார், அடுக்குவார், போய்விடுவார். நாங்கள் கெஞ்சிப் பார்த்தோம். “அவுக மனசு நொந்துபோச்சு. பெறகு என்னத்த நடிக்க?” என்றார்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் சமயம் ஒரு காலையில் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். முந்தின நாள் சாயங்காலம் கணவரைக் கட்டிலில் உட்கார வைத்து, “பாதியில எந்திரிச்சுப் போயிட்டீக. மீதியையும் பாத்துட்டுப் பெறகு என்னய வையுங்க” என்று அவர் ஒருவருக்காக நடித்துக் காட்டியிருக்கிறார்.

மீதி இதுதான். அதே சம்சாரி, தினமும் சாயங்காலம் மனைவியைக் கூட்டிப்போக டவுனுக்கு வருகிறார். ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் ஒரு சேலை. கிட்டே போகிறார். கண்ணாடியில் தன் அழுக்குச் சட்டை தெரிந்ததும் பின்வாங்குகிறார். மறுபடி கிட்டே போகிறார். மனைவி வந்ததும் ரோட்டைப் பார்த்தபடி, “இப்பத்தான் வந்தேன்” என்கிறார்.

“அத நீ பாத்தியா?” என்று கேட்டாராம் அண்ணன்.

“தெனமும் பாத்தேன்.”

அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாராம்.

அதற்குப் பிறகு அக்கா எங்கே நடித்தாலும் மொபெட்டில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். பள்ளி ஆண்டு விழா, மகளிர் குழுக் கூட்டம் என்று எங்கும் போனார்கள். வீரசோழனில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், பெண்கள் மட்டும் இருந்த கூடத்தில், வெளிநாட்டில் இருக்கும் கணவனோடு வீடியோவில் பேசும் பெண்ணாக நடித்தார். சிக்னல் போய்ப் போய் வருகிறது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு “கேக்குதா? கேக்குதா?” என்றே அவள் நேரம் முடிந்துபோகிறது. சிரித்துக்கொண்டிருந்த கூடம் சட்டென்று அமைதியானது. அண்ணனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டிருந்த என் மச்சி எழுந்து வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

என்னையும் அக்கா விடவில்லை. “நேரம் போறது தெரியாம நீ எதச் செய்வ?” என்று ஒரு நாள் கேட்டார். எனக்கு அப்படி ஒன்றுமில்லை என்றேன். “பொய் சொல்லாத. பொம்மைக்குச் சேலை கட்டுனா ஒனக்குச் சோறு தண்ணி வேண்டாம்” என்றவர், நேரே முதலாளியிடம் போய்ப் பேசினார். கடையின் முகப்புக் கண்ணாடி அலங்காரம் இன்று என் பொறுப்பு.

வயிற்றில் நோய் என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போன என்னிடம், வலியோடு வலியாக, “இங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா மொனங்குறாக பாத்திமா” என்று கிசுகிசுத்தார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், கடையிலிருந்து எல்லோரும் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. வேலுச்சாமி அண்ணன் எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“ஆஸ்பத்திரியில புதுசா ஒண்ணு யோசிச்சு வச்சிருந்தா. என்னயத்தான். ஒங்களுக்குக் காட்டணும்னு சொன்னா. எனக்கு அவ அளவுக்கு வராது.”

இல்லாத ஓர் ஆரஞ்சுப் பழத்தை மடியில் வைத்து உரித்தார். சுளையிலிருந்து வெள்ளை நாரை ஒவ்வொன்றாக, நிதானமாக எடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் இருந்திருக்க வேண்டிய பக்கம் நீட்டினார். அதற்குள் எதையோ யோசித்தவராகக் கையைத் திருப்பித் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு மென்றார். திடுக்கிட்டு நிறுத்தினார்.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீடு என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தோம். அவரும் சிரித்தார், கண்ணீர் வழிய.

போய் வாருங்கள் அக்கா. சத்தியமாக, உங்களுக்காகச் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது.