முற்றத்தில் நான் நட்டு வைத்த நாலு இலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தக்கலைக்குப் பக்கத்தில் வயலோரமாக இருக்கும் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது இது. ஆடிச் சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடம் சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். இனி வீட்டோடு இருக்கலாம் என்று ஊருக்கு வந்தேன். வந்த மூன்றாம் வருடம் மனைவி இறந்துபோனாள். ஒரே மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள். இரண்டுக்கும் "ஆமா மக்கா" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் எங்கள் இருவருக்கும் பேச்சு ஓடாது. குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவள் வளர்ந்த வருடங்களில் நான் போட்டோவில்தான் இருந்தேன். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் போவேன். வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்குமே என்றுதான்.

அந்த வருடம் மாடியை வாடகைக்கு விட்டேன். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு நர்ஸும் அவருடைய எட்டு வயது மகளும் வந்தார்கள். பிள்ளையின் அப்பா கத்தாரில். அம்மா டூட்டி முடிந்து வரும்வரை பிள்ளை எங்கள் முற்றத்தில்தான் இருப்பாள்.

முற்றத்துத் தென்னை மூட்டில், அடிமரத்தைச் சுற்றி, புளியாரை மண்டிக் கிடக்கும். மூன்று மூன்று இலையாக, வாயில் போட்டால் புளிக்கும் சின்னச் செடி. அவள் தினமும் அதன் முன்னால் குந்தி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பாள். வேண்டாம் என்று கழித்ததை வாயில் போட்டுச் சவைப்பாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன்.

"நாலு இலை உள்ளது, மாமா. கிட்டிச்சுன்னா நினைச்சது நடக்குமாம். வீடியோல சொன்னாவ."

"நீ என்ன நினைச்சிருக்க?"

சொல்லக்கூடாது என்று தலையை ஆட்டினாள். பிறகு பொறுக்க முடியாமல் அவளே சொன்னாள். "அப்பா கிறிஸ்மஸுக்கு வரணும்."

இரண்டு வாரம் தேடினாள். பிடித்த பிடியை விடவில்லை. எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. நான் பெரிய புத்திசாலியாயிற்றே, ஒரு வேலை செய்தேன். எங்கள் பக்கத்து வயலில் ஆரைக்கீரை தெரியுமா? தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் முளைக்கிற களை. அதற்குப் பிறவியிலேயே நாலு இலைதான். விடியற்காலையில் ஒரு கொடியை வேரோடு பிடுங்கி வந்து, ஒரே ஒரு தண்டை மட்டும் விட்டு, புளியாரைக்கு நடுவே நட்டு, மண்ணையும் போட்டு மூடிவிட்டேன். ஊர்ப் பிள்ளைகள் யாராக இருந்தாலும் பார்த்ததும் சிரித்திருப்பார்கள். இவள் டவுனில் வளர்ந்தவள், வயலில் கால் வைத்தவள் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் போட்ட சத்தத்தில் காக்கா எல்லாம் பறந்தது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். மனைவி போனபிறகு அந்த முற்றத்தில் அப்படி ஒரு சந்தோஷச் சத்தம் கேட்டதே இல்லை. அவள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டபோது எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இலையைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்பதை மட்டும் நான் வசதியாக மறந்துவிட்டேன்.

கார்த்திகையில் செய்தி வந்தது. அப்பாவுக்கு லீவு இல்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவள் நம்பவில்லை. இலைதான் கிடைத்திருக்கிறதே, எப்படியும் வந்துவிடுவார் என்று அம்மாவிடம் சாதித்தாள். பிள்ளையின் அம்மா என்னிடம் வந்து, "யாருதான் இதச் சொல்லிக் குடுத்தாவளோ அண்ணே" என்று வருத்தப்பட்டார். நான் முற்றத்தில் கிடந்த ஓலையைப் பொறுக்கப் போய்விட்டேன்.

அந்த வாரம் பக்கத்து வயலில் களையெடுப்பு. பெண்கள் பிடுங்கிய களையை வரப்பில் குவித்துப் போட்டிருந்தார்கள். அவள் வேடிக்கை பார்க்கப் போனவள், இரண்டு கையும் நிறைய ஆரைக்கீரையை அள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள்.

"இது பூரா நாலு இலை, மாமா. களைன்னு சொல்லுதாவ. நீங்கதானே கொண்டு வச்சிய?"

பொய் சொல்ல ஒரு நொடி வாய் வந்தது. ஆமாம் என்று ஒத்துக்கொண்டேன்.

அவள் அழவில்லை. "அப்போ அப்பா வரமாட்டாவன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும். எத்தனை தடவை நானே சவூதியிலிருந்து மகளிடம் போனில் "இந்த வருஷம் கண்டிப்பா வாறேன் மக்கா" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதே லீவு கிடைக்காது என்று தெரியும். வராத வருடங்களில் பெட்டி நிறையப் பொம்மை அனுப்பி வைப்பேன். இங்கே ஒரு பிள்ளை எப்படி நாளை எண்ணிக்கொண்டு இருந்திருக்கும் என்பதை, வேறொரு வீட்டுப் பிள்ளையின் முகத்தில்தான் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

அதன்பிறகு அவள் முற்றத்துக்கு இறங்கவில்லை. மாடிப்படியில் செருப்பு மட்டும் கிடக்கும். நான் வேறு வழி தெரியாமல், முழங்கால் வலியோடு தென்னை மூட்டில் குந்திப் புளியாரையைப் பிரிக்க ஆரம்பித்தேன். நாலாம் நாள் படியில் வந்து நின்றாள்.

"கையக் காட்டுங்க."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். புறங்கையையும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒளித்து வைத்திருக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பக்கம் நான் பாத்தாச்சு. நீங்க இங்க பாருங்க."

அதிலிருந்து தினமும் இந்தச் சோதனை உண்டு. கையைக் காட்டாமல் நான் செடியைத் தொட முடியாது. மாசி வரை தேடினோம். கிடைக்கவில்லை. கிறிஸ்மஸும் அப்பா இல்லாமலேதான் போனது. பரீட்சை முடிந்ததும் அவர்களுக்கு விசா வந்து, அம்மாவும் மகளும் கத்தாருக்குப் போய்விட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வண்டி திரும்பும்வரை கையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து, டிவியைப் போட்டு, என்ன ஓடுகிறது என்றே தெரியாமல் இருட்டும்வரை இருந்தேன்.

பழக்கம் விடவில்லை. சாயங்காலமானால் தனியாகப் போய்க் குந்துவேன். ஆனி மாதம், மழை விட்ட ஒரு நாள், கிடைத்தது. நிஜமான புளியாரை, நாலு இலை. மூன்று தடவை எண்ணினேன். அவளைக் கூப்பிட மாடியை நிமிர்ந்து பார்த்தேன். பூட்டுத் தொங்கியது. இதைக் காட்ட ஒரு ஆள் இல்லை.

ஆபீஸ் நேரம் என்றுகூடப் பார்க்காமல் மகளுக்குப் போன் போட்டேன். "என்னப்பா, உடம்புக்கு என்ன?" என்று பதறினாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று, ஆரைக்கீரையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. இலை இன்னும் செடியிலேயே நிற்கிறதா என்று கேட்டாள். பிறகு, "பறிச்சிராதீங்க, நான் வாறேன்" என்றாள்.

சனிக்கிழமை காலையில் வந்தாள். பையைக்கூட உள்ளே வைக்காமல் முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். ராத்திரி நத்தை வந்து தின்றிருக்கிறது. மூன்று இலைதான் நின்றது.

"சத்தியமா நாலு இருந்துது மக்கா" என்றேன்.

"இருந்திருக்கும்பா" என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு குந்தினாள். "நான் எந்தப் பக்கம் தேடணும்?"

வெயில் ஏறும்வரை தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்கு முப்பத்தொரு வயது. அவளோடு சேர்ந்து நான் எதையாவது தேடியது அதுதான் முதல் தடவை. மறுநாள் அவள் போய்விட்டாள், வீடும் பழையபடி ஆகிவிட்டது. ஆனாலும் சாயங்காலம் தென்னை மூட்டில் குந்தும்போதெல்லாம், பெட்டி நிறைய அனுப்பிய பொம்மைகளில் ஒன்றைக்கூட அவளோடு உட்கார்ந்து பிரித்ததில்லையே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.