பெரியாயியின் பிரஷர் குளிசை

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் பெரியாயி குளிசையை வாயில் போடுவாள். தண்ணீர்கூட இல்லாமல், எச்சிலோடு ஒரே விழுங்கு. யாராவது பார்த்துவிட்டால், கேட்காமலே, "பிரஷருக்குங்க" என்பாள்.

பிரஷராவது மண்ணாவது! இரண்டாயிரத்து இரண்டில் பதுளை ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் திரும்பி வராமலிருக்க, ஐந்து வருஷம் ஒருநாளும் விடாமல் அந்தக் குளிசை. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்துச் சனங்களுக்கு அவள் சொன்னது, "கட்டி ஒன்னு, வெட்டிட்டாங்க" என்பது மட்டுந்தான். எங்கே என்று கேட்டவர்களுக்கு முதுகைத் தொட்டுக் காட்டினாள். மார்பு என்ற சொல்லே அவள் வாயில் வராது. டாக்டரிடம்கூட "இந்தப் பக்கம்" என்பாள்.

கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி. அவள் பின்னால் நின்று கத்தக் கங்காணிக்கு வேலையில்லை. ஆனால் குளிசையால் உடம்பு திடீரெனக் காந்தும். பனியிலும் வேர்த்து ஊற்றும். "பிரஷர் ஏறுது" என்று அதையும் பொய்யால் துடைத்துக்கொள்வாள்.

அந்தப் பொய்தான் வினையாயிற்று. லயத்தில் உப்பு, மிளகாய் மாதிரிக் குளிசையும் கைமாற்றுத்தான். ஒரே வருத்தமென்றால் ஒரே மருந்து. பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த நல்லம்மாவுக்கு நிஜமாகவே பிரஷர். மருந்து தீர்ந்த ஒருநாள் வந்து நின்றாள்.

"அக்கா, ஒங்க பிரஷர் குளிசையில ஒன்னு தாங்களேன்."

இல்லையென்றால் ஏன் என்று கேட்பாளே. பெரியாயி கொடுத்தாள். பிறகும் கொடுத்தாள். தனக்குக் குறைந்த நாட்களில் குளிசை போடாமலே படுத்தாள். கிளினிக்கில் டாக்டரம்மா, "ஒழுங்கா குடிக்கிறீங்களா?" என்றபோது தரையைப் பார்த்து, "ஆமாங்க" என்றாள். பொய் சொல்ல வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்ல அதைவிட வெட்கமாக இருந்தது.

ஒரு காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்கப் போகும் வழியில் நல்லம்மா தலைசுற்றி விழுந்தாள். தூக்கி வந்து காம்பராவில் படுக்க வைத்தார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போய்விட, பெரியாயி மட்டும் பக்கத்தில் இருந்தாள்.

"இப்பல்லாம் நான் டிஸ்பென்சரிக்கே போறதில்லக்கா," என்றாள் நல்லம்மா. "ஒங்க குளிசைதான் எனக்கு ஒத்துக்குது. ஒன்னு குடுங்க."

பெரியாயிக்கு உயிரே கூசியது. "அது பிரஷருக்கு இல்ல புள்ள."

"பொறகு எதுக்கு?"

பெரியாயி வாசல் பக்கம் பார்த்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். ரவிக்கைக்குள் திணித்திருந்த துணிச்சுருளை உருவிப் போட்டுவிட்டு, நல்லம்மாவின் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.