அம்மா தடுத்த துடுப்பு

டோல்கேட்டில் செல்போன் திருடிய பையன் ஒருவனைச் சுற்றி நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் என்னைக் காத்திவாக்கத்துக்கு, என் பத்து வயதுக்கு இழுத்துப் போனது.

எங்கள் படகு இஞ்சினைத் திருடிய மணியை அன்று கம்பத்தில் கட்டியிருந்தார்கள். அவன் கையை உடைக்கப் பெரியப்பா துடுப்பை ஓங்கினார். மீன்கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த அம்மா குறுக்கே நின்றாள்.

"போனது இஞ்சினு தானே மாமா? கைய ஒடச்சா ஆயுசுக்கும் எப்டி பொயப்பான்? போலீஸாண்ட வுடு. இன்னா தண்டனைன்னு கோர்ட்டு சொல்லட்டும்."

சில மாதங்கள் சிறையில் இருந்துவிட்டு வந்த மணி, அந்தக் கைகளால் வலை பின்னியே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தான். அம்மா இறந்தபோது பாடைக்கு முதலில் தோள் கொடுத்தவனும் அவன்தான்.

இப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்தேனே என்று நெஞ்சு நிறைந்தது. போலீஸுக்குப் போன் செய்துவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தேன்.

"அடிக்காதீங்கப்பா. போலீஸைக் கூப்பிட்டுட்டேன்."