இது கொழுந்துப் பாட்டு இல்லை, எங்கள் வீட்டு ஒப்பாரி!

இன்று பதுளையிலிருந்து லுணுகலைக்கு வந்த பஸ்ஸில்...

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் டைப் அடிக்கிறேன்.

அத்தையை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சீட் கிடைத்ததே பெரிய புண்ணியம். பஸ்ஸில் பாட்டு ஓடியது (எந்த பஸ்ஸில்தான் ஓடவில்லை!).

பசறை தாண்டியதும் ஒரு பாட்டு, தப்பு மேளச் சத்தத்தோடு ஆரம்பித்தது.

முன் சீட்டில் இருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"எந்தத் தோட்டத்துல சாவு?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அது சாவு அடி. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அது தெரியும். அந்தச் சத்தம் கேட்டால் எந்த லயத்து வீட்டில் சாவு என்றுதான் முதலில் கேட்போம்.

அந்த அடிக்கு மேலே 'டும் டும்' என்று பேஸ் ஏறியது. பின் சீட்டுப் பையன்கள் விசிலடித்தார்கள். பிறகு ஒரு பெண் குரல்.

"கட்டுன சோறு ஆறுதே, சந்திரா... சந்திரா... சந்திரா..."

அந்தப் பெயரை மட்டும் வெட்டி வெட்டித் திரும்பத் திரும்ப விட்டிருந்தார்கள். பையன்களும் சேர்ந்து "சந்திரா! சந்திரா!" என்று கத்தினார்கள்.

அத்தை என் கையைப் பிடித்தார்.

"இது ஏங் கொரலு புள்ள."

சந்திரன் என் அத்தை மகன். மலையில் வேலை செய்யும்போது குளவி கொட்டிச் செத்தான். அன்றைக்கு அவன் கட்டிக்கொண்டு போன சோறு, கட்டியபடியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதைச் சொல்லித்தான் அத்தை அழுதார். அதைத்தான் பஸ்ஸில் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்!

நான் எழுந்து டிரைவரிடம் ஓடினேன்.

"அண்ணே, அத நிப்பாட்டுங்க!"

"ஏன் தங்கச்சி, இப்ப இதுதானே ஹிட்டு?"

"அது சாவு வீட்டுல அழுத அழுக. அழுத அம்மா இந்த பஸ்ஸுலதான் ஒக்காந்திருக்காங்க."

அந்த மனுசன் உடனே நிறுத்திவிட்டார். லுணுகலை வரை பஸ்ஸில் ஒரு பாட்டும் இல்லை. நாங்கள் இறங்கும்போது அவரே பையை இறக்கிக் கொடுத்து, "மன்னிச்சிருங்கம்மா, தெரியாம போட்டுட்டேன்" என்றார். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். கிடைத்தது. அங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

என் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ராப், மெட்டல், கானா, நாலு பேர் சேர்ந்து அறைக்குள்ளேயே பதிவுசெய்த பாட்டு என்று எது புதிதாக வந்தாலும் இங்கே எழுதுகிறவள் நான். பெரிய கம்பெனி தயவில்லாமல் பாட்டு போடும் பிள்ளைகளுக்காகச் சண்டையே பிடித்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கோபம்.

இதுவும் அப்படி ஒரு சின்ன மியூசிக் லேபிள்தான், கொழும்பில். முதலில் கேசட்டாகப் போட்டார்களாம் (இந்தக் காலத்தில் கேசட்! ஸ்டைலுக்கு!). அது விற்றுத் தீர்ந்ததும் இப்போது ரீமிக்ஸோடு மறுவெளியீடு.

பாட்டின் பெயர்: 'கொழுந்து பறிக்கும் பாடல்.'

பாடியவர்: 'பெயர் தெரியாத தொழிலாளி.'

கொழுந்து பறிக்கிற பாட்டா? அப்படி ஒருத்தி "சோறு ஆறுதே" என்று கதறிக்கொண்டா கொழுந்து பறிப்பாள்? மலையில் கொஞ்சம் சத்தமாகப் பேசினாலே கங்காணி கத்துவார்!

பெயர் தெரியாதாம்! சாவு வீட்டுக்கு மைக்கோடு வந்த அந்த இரண்டு பேரையும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குருவிச் சத்தம், ஃபெக்டரிச் சத்தம் எல்லாம் பதிகிறோம் என்றார்கள். துக்க வீட்டுக்கு வந்தவர்களை விரட்டக் கூடாது என்று உட்காரவைத்துப் பிளேன்டீ கொடுத்தோம். டீ கொடுத்த வீட்டுக்காரியின் பெயரைக் கேட்க வாய் வரவில்லையா?

லேபிள்காரரின் நம்பர் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். அத்தை பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்க மக்களுக்கு நாங்க செய்ற மரியாத."

"மரியாதையா? பெத்தவ அழுகைக்கு விசிலடிக்கிறானுங்க!"

"நாட்டுப்புறப் பாட்டுக்கு யாரும் ஓனர் இல்லையே சிஸ்டர்."

"நாட்டுப்புறப் பாட்டு இல்லீங்க. மகன் பொணத்துக்கு முன்னால வாயில வந்ததச் சொல்லி அழுதாங்க. அத எடுத்துருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"அதான் சிஸ்டர்! அந்த உண்மைதான் ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு!"

அதோடு விட்டாரா?

"ஒண்ணு செய்வோம். ரிலீஸ் ஷோவுக்கு அம்மாவக் கூட்டிட்டு வாங்க. ஸ்டேஜ்ல லைவ்வா பாடட்டும். பேரும் போடுறோம். அதே ஃபீலிங்தான் முக்கியம்."

எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது. அதற்குள் அத்தை கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். குரலில் கோபமே இல்லை.

"வர்றேன் தம்பி. ஆனா பொணமில்லாம ஒப்பாரி வைக்கிறது எங்க வழக்கமில்ல. மேடையில யாரப் படுக்க வைப்பீங்க? ஒங்க வீட்டு ஆளா?"

அந்த ஆள் போனைக் கட் பண்ணிவிட்டார்.

அத்தை போனை என்னிடம் கொடுத்துவிட்டு உலையில் அரிசியைப் போட்டார்.

பாட்டு இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. உங்கள் போனிலோ பஸ்ஸிலோ இருந்தால் அழித்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும். கொழும்பில் அந்த ஷோவுக்கு டிக்கெட் எடுத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அத்தை கேட்டதை அங்கே ஒரு தடவை எழுந்து நின்று கேட்பீர்களா?